ஓடைக் கரையில் ஒரு கண்

மார்ச் 4

அக்கா,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பார்சலில் பழைய பனியனில் சுற்றி ஒரு கல் வைத்திருக்கிறேன். அது என்ன என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கேட்பதற்கு உன்னை விட்டால் ஆள் இல்லை. அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் மச்சானும் பன்றி வேட்டைக்குப் போனோம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். நீ பார்த்திருக்க மாட்டாய், எங்கள் கல்யாணத்துக்குத்தான் நீ வரவில்லையே. ஊரில் அவனுக்கு ஒத்தத்தோட்டா என்று பெயர். இரண்டாவது தோட்டாவுக்கு வேலை வைக்க மாட்டான். அன்றைக்கு என்னவோ குறி தப்பிவிட்டது. பின்னங்காலில் அடிபட்ட பன்றி ஓடைக்குள் இறங்கி ஓடியது. அடிபட்டதை அப்படியே விட்டுவிட்டு வருவது எங்களுக்குப் பிடிக்காது. ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் சுற்றி நடந்தோம்.

ஒரு வளைவில் கரை புதிதாகச் சரிந்திருந்தது. அந்தச் சரிவில்தான் பன்றி செத்துக் கிடந்தது. அதன் மூக்குக்கு நேரே, சாம்பல் நிறப் பாறையில், வரிசையாக ஏழு வட்டக் கல். டீ டம்ளருக்கு அடியில் வைக்கிற தட்டு அளவு. இரண்டு பக்கமும் குழிவு. ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே போகிறது.

"மாப்ள, ஏதோ பழைய மெஷின் சாமான்டா. எவனோ போட்டுட்டுப் போயிருக்கான்" என்றான் மச்சான்.

நான் பம்பு ரிப்பேர் செய்கிறவன். மெஷின் சாமான் எது, முதுகெலும்பு எது என்று எனக்குத் தெரியாதா? ஏழில் ஒன்றைத்தான் உனக்கு அனுப்பியிருக்கிறேன்.

இடம் எது என்று கேட்காதே. யாரிடமும் காட்டாதே. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் மண்ணில் கண்டெடுத்த ஒரு பல்லை, "பாத்துட்டுத் திருப்பிக் குடு" என்று சொல்லி உன்னிடம் கொடுத்தேன். அது இப்போது உன் மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற அட்டையில் உன் துறைத் தலைவர் பெயர். உன் வேலை நிரந்தரமானது. நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், என் பல்லை நானே வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன். சூடு கண்ட பூனை நான்.

தம்பி

*

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கையெழுத்தை உறைமேல் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிரிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

எங்கள் வேலைக்கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. கீழ்த்தளம். ஒரு மேசை விளக்கு, ஊசிகள், தூரிகைகள், பசைப் புட்டி, பல் வைத்தியர் வைத்திருப்பது போன்ற ஒரு துளைக்கருவி. பதினேழு வருஷமாக அதற்குள்தான் இருக்கிறேன். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு உன் கல்லை விளக்கடியில் வைத்து, ஒட்டியிருந்த மண்ணை ஊசியால் எடுத்தேன். சாப்பிடப் போகவே எனக்குத் தோன்றவில்லை. இதை உன்னிடம் ஒளிப்பானேன்.

நீ சொன்னது சரி. அது முதுகெலும்புதான். நீ நிற்கிற இடமெல்லாம் கடலாக இருந்த காலத்தில் அதில் நீந்திய பிராணி. உடம்பு மீன் மாதிரி, வாய் முதலை மாதிரி. ஆனால் மீனும் இல்லை, முதலையும் இல்லை. மூச்சுவிட மேலே வந்து வந்து போன ஊர்வன வகை. ஏழு எலும்பு வரிசை கலையாமல் இருக்கிறது என்றால் மீதி உடம்பும் கரைக்குள்ளேயே இருக்க வாய்ப்பு உண்டு. பெரிய எலும்பு இருக்கிற பக்கமாகப் போனால் தலை இருக்கும். தயவுசெய்து எதையும் பிடித்து இழுக்காதே. ஈரச் சாக்கால் மூடி வை.

இனி நம் கதை. உன் கல்யாணப் பத்திரிகை கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் எனக்கு வந்தது. தபால் முத்திரையோடு இன்னும் வைத்திருக்கிறேன். நீ தாமதமாகப் போட்டாயா, தபால்காரர் தாமதமாகக் கொண்டுவந்தாரா என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. பல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற அட்டைக்கு உன் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்தபோது வேறு பெயர் இருந்தது. நான் போய்ச் சண்டை போடவில்லை. வேலை நிரந்தரமாகிற நேரம். வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கரை புதிதாகச் சரிந்திருந்தது என்று எழுதியிருக்கிறாய். அங்கே மழையா? உங்கள் பக்கம் ஒரு மாதமாகச் சொட்டு மழை இல்லை என்று செய்தித்தாளில் படித்தேனே.

அக்கா

*

மார்ச் 16

அக்கா,

மழையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அதுதான் அதிசயம். கரை தானாக இறங்கிக் கொடுக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பார்த்தால் இன்னும் ஒரு முழம் உள்ளே தெரிகிறது. நாங்கள் உளியே எடுக்கவில்லை. மச்சான் சொல்கிறான், "கல்லுல நார் உரிக்க வேண்டியதில்ல மாப்ள, கல்லே உரிச்சுக் குடுக்குது."

முதல் ஞாயிறு விலா எலும்பு. நேற்று தலை. உனக்கு எப்படிச் சொல்வது? தாடை என் கையைவிட நீளம். பல் ஒவ்வொன்றும் சுண்டுவிரல். அதற்குப் பின்னால் கண். கண் இருந்த குழி என்று வைத்துக்கொள். சாப்பாட்டுத் தட்டு அளவு. அதைச் சுற்றிப் பூவிதழ் மாதிரி எலும்புத் தகடுகள் அடுக்கியிருக்கின்றன. ஈரமாக இருக்கும்போது நம்மையே பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஒத்தத்தோட்டா பயந்து நான் பார்த்ததே இல்லை. அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டான். "அது மூடிக்கிட்டாத்தான் எனக்கு வேல ஓடும்" என்றான்.

எங்கள் நாயின் பெயர் மந்திரி. ஒரு வேலையும் செய்யாது, யோசனை மட்டும் சொல்லும், அதனால் வைத்த பெயர். அது இப்போது ஓடைக்குள் இறங்கவே மாட்டேன் என்கிறது. மேலேயே நின்று ஊளையிடுகிறது. பன்றியும் வருவதில்லை. ஓடைத் தண்ணீர் சாம்பலைக் கரைத்த மாதிரி ஓடுகிறது. வேட்டை போச்சு. போகட்டும், இதைவிடப் பெரிய வேட்டையா?

இடம் சொல்ல மாட்டேன். ஆனால் தூரம் என்று நினைத்துவிடாதே. முதல் நாள் பன்றி எங்களை ஊரைச் சுற்ற வைத்துவிட்டது. கொல்லையில் நின்று என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டால் எனக்குக் கேட்கிறது. அவளுக்கு ஏழாம் மாதம். வண்டியில் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் வீட்டோடு இருக்கிறாள். என் காலில் ஒட்டிய மண்ணைப் பார்த்து நாளைக்கு ஒரு தரம் திட்டுகிறாள்.

ஞாயிறு தவிர மற்ற நாளில் மூச்சுவிட நேரமில்லை. எங்கள் தெருவில் ஒன்பது வீடு. அதில் மூன்று வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டார் சிக்கிக்கொண்டது. மேலே இழுத்தால் வருவதில்லை. நாற்பத்தைந்து அடியில் இரும்புக் குழாயே வளைந்திருக்கிறது. மூன்றிலும் அதே ஆழம். இருபது வருஷத் தொழிலில் இப்படி நான் பார்த்ததில்லை. மட்டமான குழாயைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டிவிட்டு வந்தேன். தெருமுனைப் போன் கம்பம் சாய்ந்து கம்பி அறுந்துவிட்டது. சரி செய்ய இன்னும் ஆள் வரவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு சாத்துவதற்குத் தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. வீடு என்று இருந்தால் எல்லாம் இருக்கும்.

அந்தத் தலையை உடையாமல் எடுப்பது எப்படி? அதை மட்டும் எழுது.

தம்பி

*

மார்ச் 19

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கோபப்படுவாய். படு.

மூன்று கிணறு, மூன்றிலும் ஒரே ஆழத்தில் குழாய் வளைந்திருக்கிறது. அதைப் படித்ததும் எழுந்துவிட்டேன். நான் எலும்பு துடைப்பவள். மண்ணைப் பற்றி அரைகுறையாகத்தான் தெரியும். பக்கத்து அறையில் மண்ணியல்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய், உன் பெயரைச் சொல்லாமல், எலும்பைப் பற்றியும் சொல்லாமல், குழாயைப் பற்றி மட்டும் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அங்க யாராவது குடியிருக்காங்களா?" என்று கேட்டார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அந்தச் சாம்பல் நிறப் பாறை ஏடு ஏடாக இருக்கும். காய்ந்தால் கல், நனைந்தால் சோப்பு. மேலே இருக்கிற மண், வீடு, மரம் எல்லாம் சேர்த்து அந்தச் சோப்பின்மேல் வழுக்கினால், வழுக்குகிற மட்டத்தில் குழாய் வளையும், கம்பம் சாயும், கதவு பிடிக்கும். அடிவாரம் ஓடைப் பக்கம் பிதுங்கும். உனக்கு எலும்பை எடுத்துக் கொடுப்பது அந்தப் பிதுங்கல்தான் என்று அவர் நினைக்கிறார். நிச்சயமாகச் சொல்ல நேரில் பார்க்க வேண்டும் என்றார். மழை இல்லாமல் எப்படி என்று கேட்டேன். மேல்பக்கம் எங்காவது புதிதாகத் தண்ணீர் தேக்கியிருக்கிறார்களா, பெரிய குழாய் எதாவது கசிகிறதா என்று திருப்பிக் கேட்டார்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது துறைத் தலைவர் உள்ளே வந்துவிட்டார். உன் எலும்பு என் மேசைமேல் இருந்தது. மூடி வைக்க மறந்துவிட்டேன். அவர் அதைப் பார்த்தார், உறையில் இருந்த ஊர்ப் பெயரைப் பார்த்தார். அதற்குமேல் நான் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஏப்ரல் ஒன்றாம் தேதி ஒரு குழுவோடு அங்கே வருகிறார்.

ஒரு சிறு சோதனை செய். உங்கள் வீட்டுச் சுவரில் விரிசல் இருக்கிறதா பார். இருந்தால் அதன் குறுக்கே ஒரு துண்டுக் காகிதத்தைப் பசை போட்டு ஒட்டு. மூன்று நாள் கழித்துப் பார்த்து எனக்கு எழுது. அதுவரைக்கும் ஓடைக்குப் போகாமல் இருந்தால் நல்லது. ஆழம் தெரியாமல் காலை விடாதே.

தலையை எடுக்கிற வழியைக் கேட்டாய். அதைச் சுற்றி ஒரு சாண் பாறையை விட்டுவிட்டு வெட்ட வேண்டும். ஈரக் காகிதம் சுற்றி, அதன்மேல் சாக்குத் துணியைச் சுண்ணச்சாந்தில் தோய்த்துச் சுற்றிக் காயவிட வேண்டும். இரண்டு ஆள் வேண்டும், ஒரு கப்பி வேண்டும். இதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா

*

மார்ச் 24

அக்கா,

பூனையைப் பாலுக்குக் காவல் வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூடி வைக்க மறந்துவிட்டாயா? பதினேழு வருஷமாக எலும்பையே மூடி வைத்துப் பிழைக்கிறவள், இதை மட்டும் மறந்துவிட்டாயா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. முதல் முறை பல். இந்த முறை தலை. அதற்குத் துணையாக ஒரு மண்ணியல்காரர், ஒரு பயமுறுத்தல். நான் பயந்து ஒதுங்குவேன், உன் ஆட்கள் ஒன்றாம் தேதி வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அட்டையில் இந்தத் தடவை யார் பெயர்?

நீ சொன்ன சோதனையைச் செய்தேன். நீ சொன்னதற்காக அல்ல, நீ சொன்னது பொய் என்று காட்டுவதற்காக. சமையலறைச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். வெள்ளிக்கிழமை மாலை ஒட்டினேன். சனிக்கிழமை காலையில் காகிதம் இரண்டாகக் கிழிந்திருந்தது. மறுபடி ஒட்டினேன். ஞாயிறு அதுவும் கிழிந்தது. திங்கள் பார்த்தபோது இரண்டு துண்டுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போகிறது. பழைய வீடு. சுவர் என்றால் வெடிக்கத்தான் செய்யும்.

மேல்பக்கம் தண்ணீர் தேங்குகிறதா என்று கேட்டாய். மேட்டில் போன வருஷம் கட்டிய குடிதண்ணீர்த் தொட்டி கசிகிறது. அது ஊருக்கே தெரியும். நானே இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். யார் கேட்டார்கள்?

வருகிற ஞாயிறு நானும் மச்சானும் தலையை எடுக்கிறோம். கப்பி என்னிடம் இருக்கிறது, மோட்டார் தூக்குகிற கப்பி. வழியைச் சொல்லிக் கொடுத்ததற்கு நன்றி. உன் துறைத் தலைவர் வந்தால் வெறும் குழியைக் காட்டுகிறேன்.

இனி எழுதாதே.

தம்பி

*

தந்தி
மார்ச் 27

வீடு அபாயம். எல்லோரும் உடனே வெளியேறவும். ஓடையில் இறங்க வேண்டாம். அக்கா.

*

ஏப்ரல் 4

அக்கா,

செய்தித்தாளில் பார்த்திருப்பாய். என் படமும் போட்டிருக்கிறார்கள். "ஒன்பது வீட்டு மக்களைக் காப்பாற்றிய பம்பு மெக்கானிக்." அதில் எழுதாததை உனக்கு எழுதுகிறேன். வேறு யாருக்கும் எழுத முடியாது.

உன் தந்தி சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தது. தந்தி கொண்டுவந்தவர் மடிப்பைப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டு நின்றார். "என்னங்க, வீடு அபாயம்னு போட்டிருக்கு?" என்று கேட்டார். நான் சிரித்தேன். "எங்க அக்கா அப்படித்தான். பல்லி கத்துனாலே பதறுவா" என்றேன். அவரும் சிரித்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அவர் போனதும் சமையலறைக்குப் போய் விரிசலைப் பார்த்தேன். கையே உள்ளே போனது. அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது அக்கா. நீ பொய் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது.

வாடகைக்கு ஒரு கார் பிடித்து, மெதுவாக ஓட்டச் சொல்லி, என் மனைவியை அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். "எதுக்கு இப்பத் திடீர்னு?" என்று கேட்டாள். "வீட்ல ஒரே புழுக்கமா இருக்கு, நாலு நாள் இருந்துட்டு வா" என்றேன். மந்திரியையும் அங்கேயே கட்டிவிட்டு வந்தேன். நாய் பத்திரம், மனைவி பத்திரம். தெருவில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கூட்டம் கூடும், ஓடைப் பக்கம் யாரையும் விட மாட்டார்கள். ஒரே ஒரு காலைப் பொழுது போதும், தலையை எடுத்துவிட்டு எல்லோருக்கும் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். மச்சானுக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவன் வர மாட்டான். தனியாக என்னால் தூக்க முடியாது. காரணம் இவ்வளவுதான், அக்கா. இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு இறங்கினோம். அவன் கேட்டான், "தங்கச்சிய எதுக்குடா அம்மா வீட்ல விட்டுட்டு வந்த? சண்டையா?"

"வெயில் தாங்கல அவளுக்கு."

"மந்திரி எங்க?"

"அதுக்கும் வெயில் தாங்கல" என்றேன். அவன் சிரித்தான்.

தாடைக்கு அடியில் உளி வைத்தது அவன்தான். நான் கப்பியைக் கட்ட மேலே ஏறினேன். கரை ஓரத்தில் ஒரு பெரிய மரம். கயிற்றை அதில் சுற்றிக்கொண்டிருந்தபோது கித்தான் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். எங்கே என்று தெரியவில்லை. பிறகு மரத்தின் வேர்கள் ஒவ்வொன்றாக விறைத்தன. நான் பார்க்கப் பார்க்க, இழுத்துக் கட்டின கம்பி மாதிரி. "மச்சான், மேல வா!" என்று கத்தினேன். அவன் அண்ணாந்து பார்த்தான். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, "என்னடா, கயித்தத் தளத்தணுமா?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். அவன் நின்ற இடம் அங்கே இல்லை. மரம் நின்றபடியே கீழே போனது. கயிற்றை விட்டதால் நான் போகவில்லை.

இறங்கித் தோண்டியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோண்டவில்லை. கொல்லை வழியாகத் தெருவுக்கு ஓடினேன். கையில் பைப் ரெஞ்சு இருந்தது. அதால் ஒன்பது வீட்டுக் கதவையும் இடித்தேன். "வெளிய வாங்க, வெளிய வாங்க" என்பதைத் தவிர வாயில் வேறு ஒன்றும் வரவில்லை. நடக்க முடியாத ஒரு பெரியவரை நாற்காலியோடு தூக்கினோம். எல்லோரும் சாலைக்கு வந்து முக்கால் மணி நேரம் கழித்து முதல் வீடு போனது. இரண்டாவது எங்கள் வீடு. மத்தியானத்துக்குள் ஆறு வீடு. தரை சத்தம் போடாமல் போகிறது அக்கா. உள்ளே பாத்திரங்கள்தான் சத்தம் போட்டன.

மச்சானை மூன்று நாள் கழித்துப் புதன்கிழமை எடுத்தார்கள். அன்றைக்குத்தான் உன் துறைத் தலைவர் வந்து இறங்கினார்.

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அண்ணன் போனாலும் அத்தன பேரையும் நீங்க காப்பாத்திட்டீங்க" என்று சொல்லி அழுகிறாள். எல்லோருக்கும் என்ன சொன்னேன் தெரியுமா? மரம் அசைந்தபோதுதான் தெரிந்தது என்று சொன்னேன். உன் தந்தி என் சட்டைப் பையில் இருக்கிறது.

என் கடிதங்களை நீ எரித்துவிடு. உன்னைப் பதில் எழுதச் சொல்லிக் கேட்கவில்லை. அதை மட்டும் செய்.

தம்பி

*

ஏப்ரல் 8

தம்பி,

எரிக்க மாட்டேன்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். உன்னைத் திட்டுவதற்கு எனக்கு வாய் இருந்தால் நன்றாக இருக்கும். இல்லை.

ஆமாம், குடியிருக்கிறார்கள் என்றதும் மண்ணியல்காரர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை "அந்த ஆட்கள உடனே கிளம்பச் சொல்லுங்க" என்பதுதான். பிறகுதான் "நிச்சயமாகச் சொல்ல நேரில் பார்க்க வேண்டும்" என்றார். பத்தொன்பதாம் தேதி உனக்கு எழுதியபோது நான் இரண்டாவதை எழுதினேன், முதலாவதை விட்டுவிட்டேன். ஓடு என்று எழுதாமல், காகிதம் ஒட்டிப் பார் என்று எழுதினேன். ஓடு என்று எழுதினால் தலை அங்கேயே புதைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கண் எனக்கும் வேண்டியிருந்தது. இல்லையென்றால், போகாதே என்று எழுதின அதே தாளில் சுண்ணச்சாந்துக்கு வழி சொல்வேனா? எட்டு நாள் தம்பி. நீ ஒரு நாள் மறைத்தாய். நான் எட்டு நாள்.

துறைத் தலைவர் திரும்பி வந்தார். காலணியில் உங்கள் ஊர்ச் சேறு. முதலில் கேட்டது, "தலை இப்ப எவ்வளவு ஆழத்துல இருக்கும்?" மனுஷன்தானா என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய அதே நேரத்தில் என் மனது சரிவின் உயரத்தையும் மண்ணின் அளவையும் வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. நான் எழுந்து வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு என்னிடமே பயமாக இருக்கிறது.

தொட்டி கசிவைப் பற்றி விசாரணை வைக்கப்போகிறார்கள் என்று மண்ணியல்காரர் சொல்கிறார். அவரையும் கூப்பிடுவார்கள். நான் எப்போது கேட்டேன் என்று அவர் சொல்வார். உனக்குத் தந்தி கொண்டுவந்தவர் ஒருவர் இருக்கிறார். இன்றைக்கு அவர் உன்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கலாம், அல்லது நினைவில்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பயத்துக்காக உன் மனைவியிடம் உண்மையைச் சொல்லச் சொல்லவில்லை. அவள் உன் கையைப் பிடித்து அழுகிறாள் என்று எழுதினாயே, அந்தக் கையை இன்னும் எத்தனை நாள் கொடுத்துக்கொண்டிருப்பாய்? பிள்ளை பிறந்த பிறகு சொல்லலாம், அது நடக்கத் தொடங்கிய பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போடுவாய். எனக்கு உன்னைத் தெரியும். நானும் அதே வயிற்றில் பிறந்தவள்தான்.

தந்தியைக் காட்டு. என் கடிதங்களையும் காட்டு. பத்தொன்பதாம் தேதிக் கடிதத்தைக் கட்டாயம் காட்டு. பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை, பஸ்ஸில் வருகிறேன். வர வேண்டாம் என்று அவள் சொன்னால் பஸ் நிலையத்திலேயே இருந்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 13

அக்கா,

நேற்று மத்தியானம் சொன்னேன்.

சாப்பிட்டு முடித்து அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முதுகுக்கு இரண்டு தலையணை. எதிரில் உட்கார்ந்து தந்தியைக் கொடுத்தேன். வியர்வையில் நனைந்து காய்ந்து மடிப்பில் பிய்ந்திருந்தது. படித்தாள். தேதியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. மறுபடி படித்தாள். அவள் அழுவாள், கத்துவாள், அடிப்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

"இதுல எல்லோரும்னு போட்டிருக்கே" என்றாள். "அதுல எங்க அண்ணன் சேர்த்தியில்லையா?"

மடிப்பில் பிய்ந்து விழுந்த துணுக்கைத் தரையிலிருந்து பொறுக்கினேன். 

உன் கடிதங்களைக் கேட்டாள்; தலை எடுக்கிற வழி பார்க்க அன்றைக்குச் சட்டைப் பையில் வைத்திருந்ததால் அவை வீட்டோடு போகவில்லை. வரிசையாகப் படித்தாள். பத்தொன்பதாம் தேதிக் கடிதத்தில் சுண்ணச்சாந்து வருகிற இடத்தில் விரலை அழுத்தி வைத்தாள். எட்டாம் தேதிக் கடிதத்தையும் படித்தாள். "உங்க அக்காவாவது பொய்ய ஒத்துக்கிட்டா" என்றாள். எல்லாவற்றையும் மடித்துத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். தந்தியைத் திருப்பித் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நீ சனிக்கிழமை வரலாம் என்று சொல்லச் சொன்னாள். ஒரு நிபந்தனை. "எலும்பைப் பத்தி இந்த வீட்ல ஒரு வார்த்த வரக் கூடாது. கடல்னு கூடச் சொல்லக் கூடாது." பஸ் நிலையத்தில் காத்திருக்க வேண்டாம். நேரே வா.

உன் துறைத் தலைவர் நேற்றுமுன்தினம் ஆள் அனுப்பினார். தலை இருந்த இடத்தைச் சரியாகக் காட்டினால், அட்டையில் இந்த முறை என் பெயர் மட்டும்தான் வருமாம். எழுதியே தருகிறாராம். போகச் சொல்லிவிட்டேன். எனக்கு இடம் தெரியும். மண்ணுக்கு மேலே நின்றுகொண்டு, கண்ணை மூடிக்கொண்டுகூடக் காட்ட முடியும். காட்ட மாட்டேன்.

 இன்று காலையில்தான் பேசினாள். "எங்க அம்மாவுக்கு நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். என் முன்னாடி சொல்லணும்" என்றாள். அத்தை பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறார். நாலு மணிக்கு வருகிறார். எங்கள் வீடு போனதிலிருந்து நாங்கள் அத்தை வீட்டில்தான் இருக்கிறோம், எனக்குச் சாப்பாடு போடுவதும் அவர்தான். "தெய்வமாப் பாத்து உன்னையாவது விட்டுச்சே" என்று நேற்று முன்தினம்கூடத் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார்.

மணி மூன்றே முக்கால். தபால் பெட்டி தெருமுனையில் இருக்கிறது. இதைப் போட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் அவர் வந்துவிடுவார். எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து பத்து விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். மரத்தில் தொடங்கலாம், தொட்டியில் தொடங்கலாம், உன்னிடம் தொடங்கலாம். எல்லாம் சாக்கு.

"எனக்கு முன்னாடியே தெரியும் அத்தை" என்று தொடங்கப்போகிறேன்.

தம்பி